ஓவியம் வரையும் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. நீட்டிப்புக்குப் பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கோவையிலும் ஈரோட்டிலும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிற ஆபீஸ் லேப்டாப்களில் பல ஆறாம், ஏழாம் தலைமுறைதான். அவற்றில் 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், படம் வரைய இன்னும் தாராளமாகப் போதும். ஓய்வு நேரத்தில் வரைந்து, அவ்வப்போது ஃப்ளெக்ஸுக்கோ பனியன் பிரிண்டுக்கோ கொடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். முதலில் வரையும் மென்பொருளை மாற்றுங்கள், இயங்குதளத்தை அப்புறம் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால், கோடு நடுங்குவது டிரைவராலா, பிரஷ்ஷாலா, பழக்கமில்லாத கையாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. லினக்ஸ் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

விண்டோஸிலேயே ஒரு மாதம்

கிரிட்டா, இங்க்ஸ்கேப், கிம்ப் என்ற மூன்று வரைகலை மென்பொருள்களுமே விண்டோஸிலும் ஓடும், மூன்றும் இலவசம். லினக்ஸில் நீங்கள் பார்க்கப் போவதும் இதே திரைதான். ஆகவே இப்போதே இறக்கி, ஒரு மாதம் இவற்றில் மட்டும் வேலை பாருங்கள்.

ஃபோட்டோஷாப்பில் ஓவியம் வரைந்தவர்களுக்குக் கிரிட்டா. கிம்ப்பை அதற்கு மாற்று என்று பலர் சொல்வார்கள். போட்டோ திருத்த அது நல்ல கருவி, 2025-இல் வந்த 3.0 பதிப்பு பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் நாள் முழுக்க பேனா பிடித்து வரைய கிரிட்டாதான். கோரல்டிராவுக்கும் இல்லஸ்ட்ரேட்டருக்கும் இங்க்ஸ்கேப். அனிமேஷனுக்கு ஓபன்டூன்ஸும் பிளெண்டரின் கிரீஸ் பென்சிலும் இருக்கின்றன. பிக்சல் ஆர்ட்டுக்கு ஏஸ்பிரைட் லினக்ஸிலும் கிடைக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கிளிப் ஸ்டூடியோ என்ற வரையும் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டலாம் என்பார்கள். ஒரு பதிப்பில் ஓடும், அடுத்த அப்டேட்டில் படுத்துக்கொள்ளும். பெயிண்ட் டூல் சாய் ஓரளவு நன்றாகவே ஓடும். இப்போதைய ஃபோட்டோஷாப்பை வைனில் ஓட்டப் பார்ப்பது வெட்டி வேலை; எப்போதாவது பிஎஸ்டி என்ற ஃபோட்டோஷாப் கோப்பைத் திறக்க வேண்டியிருந்தால் பிரவுசரில் ஃபோட்டோபீ போதும். மாதம் முடிந்தும் கிளிப் ஸ்டூடியோ இல்லாமல் கை ஓடவில்லை என்றால், உங்களுக்கு லினக்ஸ் வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழகுவதற்கு இரண்டு குறுக்கு வழிகள். கிரிட்டாவில் செட்டிங்ஸ் மெனு, கான்ஃபிகர் கிரிட்டா, கீபோர்டு ஷார்ட்கட்ஸ் போனால் ஃபோட்டோஷாப், சாய் போன்றவற்றின் விசைகளை அப்படியே தரும் ஸ்கீம்கள் இருக்கும். அதே ஜன்னலில் கேன்வாஸ் இன்புட் செட்டிங்ஸையும் மாற்றுங்கள். இதை மறந்தால் விசைகள் பழையபடி வேலை செய்யும், ஆனால் ஸூம் செய்வதும் பிரஷ் அளவை இழுத்து மாற்றுவதும் மட்டும் வேறு மாதிரி நடந்து குழப்பும். இரண்டாவது, கேன்வாஸில் பேனாவின் ரைட் கிளிக்கை அழுத்துங்கள். பிரஷ்களும் வண்ணச் சக்கரமும் கைக்கடியில் வட்டமாக விரியும். இது பழகிவிட்டால் பக்கப் பட்டைகளைத் தேடவே மாட்டீர்கள்.

விண்டோஸை விட்டுப் போகுமுன் எடுக்க வேண்டியவை

பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை மாற்றி வையுங்கள். லைசென்ஸ் முடிந்த பிறகு யாராலும் உதவ முடியாது.

கிளிப் ஸ்டூடியோவின் கோப்புகளை கிரிட்டா நேரடியாகத் திறக்காது. ஒவ்வொன்றையும் பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சாய் கோப்புகளுக்கும் அதுவே. பிஎஸ்டியைக் கிரிட்டா திறக்கும்போது லேயர், மாஸ்க், பிளெண்டிங் முறைகள் பெரும்பாலும் ஒழுங்காக வரும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரும்தான் காலை வாரும். அதனால் ஒவ்வொரு பிஎஸ்டிக்கும் பக்கத்தில், அதே பெயரில் ஒரு பிஎன்ஜி சேமித்து வையுங்கள். பின்னால் கிரிட்டாவில் திறக்கும்போது எந்த இடத்தில் நிறம் மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

கோரல் கோப்புகளை இங்க்ஸ்கேப் ஓரளவு திறக்கும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கோரலிலிருந்தே எஸ்விஜியாகவும் பிடிஎஃப்பாகவும் எடுத்து வையுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் சேமிக்கும்போது பிடிஎஃப் இணக்கம் என்ற பெட்டி டிக் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் இங்க்ஸ்கேப்பில் படத்துக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வாசகம்தான் தெரியும்.

ஃபோட்டோஷாப் பிரஷ் தொகுப்புகளில் கிரிட்டா பிரஷ்ஷின் முனை வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அழுத்தம், சிதறல் எல்லாம் நீங்கள்தான் மறுபடி அமைக்க வேண்டும். இந்த ஒரு மாதத்தில் கிரிட்டாவிலேயே செய்த பிரஷ்களை, செட்டிங்ஸ் மெனுவின் ரிசோர்ஸ் லைப்ரரி பகுதியில் ஒரே பண்டிலாகக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கிரிட்டாவில் அந்த ஒரு கோப்பை இம்போர்ட் செய்தால் எல்லாம் வந்துவிடும்.

ஃபாண்ட் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. பல டிடிபி கடைகளில் இன்னும் பாமினி, வானவில் மாதிரியான யூனிகோடு அல்லாத எழுத்துகள்தான் ஓடுகின்றன. அப்படித் தட்டிய வரி, அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபாண்ட் கோப்பை லினக்ஸில் போட்டால் படிக்கத் தெரியும், ஆனால் தட்டுவதற்குப் பழைய விசைப்பலகை மென்பொருள் இருக்காது. பழைய வரிகளை விண்டோஸில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது வடிவங்களாக உடைத்துவிடுங்கள். லதா, நிர்மலா இரண்டும் விண்டோஸோடு வருபவை. அவற்றுக்குப் பதில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரான், மீரா இனிமை, கவிவனார், பலூ தம்பி என்று இலவச எழுத்துகள் நிறைய இருக்கின்றன.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் மிண்ட், சினமன் பதிப்பு. 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இந்தப் பதிப்பு இயல்பாக எக்ஸ்11 என்ற பழைய காட்சி முறையில் ஓடுகிறது. டேப்லெட் (பேனாவால் வரையும் பலகை) கம்பெனிகளின் டிரைவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். வேலண்ட் என்ற புதிய முறையில் ஓடும் ஃபெடோரா, குபுண்டு எல்லாம் நல்லவைதான். ஆனால் முதல் தடவையே அந்தச் சிக்கல் எதற்கு?

நிறுவல்

8 ஜிபியாவது உள்ள பென்டிரைவ் ஒன்று, படங்களை எல்லாம் காப்பி எடுத்துவைத்த வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. இரண்டாவது இல்லாமல் தொடங்காதீர்கள்.

1. மிண்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அங்கே கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதியில் நெட் கட்டாகி அரைகுறையாக இறங்கிய கோப்புதான் நிறுவும்போது நடுவழியில் நின்றுபோகும். பிறகு ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற கருவி கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள்.

2. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும்; லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், சேமிக்க விடாது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அணையுங்கள்; குறைந்தபட்சம் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

3. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ஷ்ரிங்க் செய்யுங்கள். 100 ஜிபிக்கு 102400 என்று எம்பியில் கேட்கும். வந்த காலி இடத்தில் எதையும் உருவாக்காமல் அப்படியே விடுங்கள்.

4. கணினியை ஆன் செய்ததும் பூட் மெனு விசை: டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பென்டிரைவைத் தேர்ந்தால் எதையும் நிறுவாமலே மிண்ட் திறக்கும். திரை கறுப்பாகவே நின்றால் மறுபடி வந்து கம்பாட்டிபிளிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டு உள்ள மெஷின்களில் இது அடிக்கடி வரும்.

5. இங்கேயே அரை மணி நேரம் செலவிடுங்கள். வைஃபை, சத்தம், திரை வெளிச்சம், முக்கியமாக டேப்லெட்டைச் செருகி கர்சர் நகர்கிறதா என்று பாருங்கள்.

6. டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகான். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கை அழித்து நிறுவு என்பது உண்மையாகவே எல்லாவற்றையும் அழிக்கும். டிஸ்க்கே பட்டியலில் தெரியவில்லையென்றால், பயாஸில் (கணினி எழும்முன் வரும் அடிப்படை அமைப்பு) ஸ்டோரேஜ் இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கும். அதை ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் முதலில் விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு மாற்றினால்தான் விண்டோஸ் மறுபடி எழும்.

நிறுவி முடித்ததும் அப்டேட் மேனேஜர், பிறகு டிரைவர் மேனேஜர். என்விடியா இருந்தால் ரெகமெண்டட் என்று காட்டுவதைப் போடுங்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும். பயந்துபோய் கன்டினியூ அழுத்தி விடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் டிரைவர் ஏறாது, கேன்வாஸ் இழுத்து இழுத்து நகரும். அங்கே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும்போது விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். பழுது ஒன்றுமில்லை. லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமென்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் நேர அமைப்பில் ஒத்திசைவு பொத்தானை அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும்; லினக்ஸுக்குப் போய்த் திரும்பினால் மறுபடி அழுத்த வேண்டியிருக்கும்.

டேப்லெட்: நேரம் இங்கேதான் போகும்

வாகாம் (Wacom) கம்பெனி டேப்லெட் என்றால் டிரைவர் தேடவே வேண்டாம். லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் டேப்லெட் பகுதியில் பேனா பொத்தான், அழுத்தம், திரைப் பொருத்தம் எல்லாம் அமைக்கலாம். ஹுயான், எக்ஸ்பி-பென் இரண்டும் தங்கள் தளத்தில் லினக்ஸ் டிரைவரை டெப் கோப்பாகத் தருகின்றன. இறக்கி, டபுள் கிளிக் செய்து, பாஸ்வேர்டு கொடுத்து நிறுவி, ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்த டிரைவர் ஒத்துவரவில்லை என்றாலோ வேறு கம்பெனி டேப்லெட் என்றாலோ ஓபன்டேப்லெட்டிரைவர் என்ற பொது டிரைவர் இருக்கிறது. ஆனால் கம்பெனி டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். இரண்டும் ஒரே பேனாவைப் பிடித்து இழுத்தால் கர்சர் குதிக்கும், அல்லது அசையவே அசையாது. கெர்னலுக்குள் ஏற்கெனவே இருக்கும் சிறு டிரைவரும் இப்படி மோதும். ஓபன்டேப்லெட்டிரைவரின் டெப் பொதியே அதை ஒதுக்கிவிடும், மறுதொடக்கம் மட்டும் நீங்கள் செய்ய வேண்டும்.

செட்டிங்ஸில் டேப்லெட் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கும், ஆனால் பேனா நன்றாக வேலை செய்யும். அந்த மாடல் பெயர் கணினியின் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். கம்பெனி டிரைவரின் சொந்த ஜன்னலில் அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. வட்டம் போட்டால் முட்டையாக வருகிறது என்ற புகாருக்குக் காரணம் கணக்குதான். ஒன் பை வாகாம் சிறிய மாடலில் வரையும் பரப்பு 152 மிமீ அகலம், 95 மிமீ உயரம். திரை 1920×1080 என்றால் அகலவாக்கில் ஒரு மிமீக்கு 12.6 பிக்சல், உயரவாக்கில் 11.4 பிக்சல். கை போடும் வட்டம் திரையில் 11 சதவீதம் அகலமாகிவிடும். இரண்டாவது மானிட்டரையும் மாட்டி, டேப்லெட்டை இரண்டுக்கும் சேர்த்து விரித்துவிட்டால் அகலம் உயரத்தைப் போல 2.2 மடங்கு. முதலில் டேப்லெட்டை ஒரு மானிட்டருக்கு மட்டும் ஒதுக்குங்கள். அடுத்து, விகிதத்தைக் காப்பாற்று என்ற தேர்வை இயக்குங்கள்; அது இல்லாத டிரைவரில் பரப்பை 152×85.5 என்று கையால் போடுங்கள். கீழே ஒன்பதரை மிமீ வீணாகும், போகட்டும்.

பேனா நகர்கிறது, அழுத்தம் மட்டும் இல்லை என்றால் கிரிட்டாவின் கான்ஃபிகர் ஜன்னலில் டேப்லெட் செட்டிங்ஸ் போய் டேப்லெட் டெஸ்டரைத் திறந்து கோடு போடுங்கள். பக்கத்தில் ஓடும் வரிகளில் ஸ்டைலஸ் என்று வந்து சதவீதம் ஏறி இறங்கினால் டிரைவர் சரி. கிரிட்டாவின் மேல் பட்டையில் யூஸ் பென் பிரஷர் பொத்தான் அணைந்திருக்கும், அல்லது நீங்கள் எடுத்த பிரஷ்ஷிலேயே அழுத்தம் இருக்காது. மவுஸ் என்று மட்டும் வந்தால் கணினி பேனாவை எலியாகத்தான் பார்க்கிறது, டிரைவரைப் பாருங்கள். லேசாக வைத்தாலே கோடு தடித்தால், அதே பக்கத்தில் உள்ள அழுத்த வளைவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் கீழே இழுத்து விடுங்கள்.

கிரிட்டாவை நிறுவுவதும் ரேம் கணக்கும்

கிரிட்டாவின் சொந்தத் தளத்தில் ஆப்இமேஜ் என்று ஒரே கோப்பாகக் கிடைக்கும். ஹோம் ஃபோல்டரில் வைத்து, ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ் போய் இயக்க அனுமதி கொடுத்தால் போதும். டபுள் கிளிக் செய்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் பெரும்பாலும் அனுமதி கொடுக்க மறந்திருப்பீர்கள். கொடுத்தும் வரவில்லையென்றால் லிப்ஃப்யூஸ்2 என்ற சிறு பொதி இல்லை, பொதிகளை நிறுவும் சினாப்டிக் கருவியில் தேடிப் போடுங்கள். புதிய பதிப்பு வந்தால் பழைய கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்பது ஆப்இமேஜின் பெரிய வசதி. இங்க்ஸ்கேப்பையும் கிம்ப்பையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸ் வரைபவர்கள் ரேம் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். 10 அடிக்கு 8 அடி பேனரை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) முழு அளவில் எடுத்தால் 8640×6912 பிக்சல், கிட்டத்தட்ட 6 கோடி. ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், முழுதும் நிரப்பிய ஒரு லேயருக்கே 239 எம்பி. கிரிட்டா இயல்பாக ரேமில் பாதியைத்தான் எடுக்கும். 8 ஜிபி மெஷினில் 4 ஜிபி. பதினேழாவது லேயருக்குள் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும், அன்டூ கணக்கைச் சேர்த்தால் அதற்கும் முன்பே. லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று சலித்துக்கொள்வதைவிடப் பாதி அளவில், 4320×3456-இல் வரையுங்கள். லேயருக்கு 60 எம்பிதான். கடையில் கொடுக்கும்போது பாதி அளவுக் கோப்பு என்று சொல்லிவிட்டால் போதும். பேனரைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கப் போகிறார்கள்.

தமிழ் தட்ட ஐபஸ், அதோடு ஐபஸ்-எம்17என் இரண்டையும் சினாப்டிக்கில் நிறுவி, மிண்டின் இன்புட் மெத்தட் ஜன்னலில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் ஆகி வந்தால் தமிழ்99, ஃபொனெட்டிக், பழைய டைப்ரைட்டர் மூன்றும் கிடைக்கும். தமிழ் எழுத்துக்கலையைக் கிரிட்டாவில் செய்யாதீர்கள். 5.2-க்குப் பிறகு தமிழ் ஒழுங்காகக் கோர்த்து வருகிறது, ஆனால் வரிகளை நகர்த்தித் திருத்த இங்க்ஸ்கேப்தான் சுகம். அங்கே முடித்து எஸ்விஜியாகக் கொண்டுவாருங்கள்.

பனியன் பிரிண்டுக்கு செபரேஷன்

திருப்பூர் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்கு அழகான பிஎன்ஜி ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினால் வேலை நகராது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிலிம், ஒவ்வொன்றும் கறுப்பில். இதைக் கோரலும் ஃபோட்டோஷாப்பும் இல்லாமலே செய்யலாம்.

12×16 அங்குல டிசைன், 300 டிபிஐ, 3600×4800 பிக்சல். நான்கு மை என்று வைத்துக்கொள்வோம். பின்னணியில் பனியன் நிறத்தை நிரப்பி, அதன்மேல் ஓரம் மென்மையாகாத பிக்சல் பிரஷ்ஷில் வரையுங்கள். ஃபில் கருவியிலும் ஓரத்தை மென்மையாக்கும் ஆன்டி-அலையாசிங்கை அணையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே மென்மையான ஓரம் இருந்தால் அங்கே நாற்பது வகைக் கருஞ்சிவப்பு இருக்கும். பிரிக்கும்போது நான்கு லேயருக்குப் பதில் நாற்பது லேயர் வந்து நிற்கும்.

ஏற்கெனவே மென்மையான பிரஷ்ஷில் வரைந்தாகிவிட்டதா? நான்கு மையும் பனியன் நிறமுமாக ஐந்து நிறங்கள் மட்டும் உள்ள பேலட் ஒன்று செய்யுங்கள். கோப்பின் நகலை எடுத்து லேயர்களை ஒன்றாக்கி, ஃபில்டர் மெனுவில் மேப் பகுதியில் உள்ள பேலட்டைஸை டிதர் (நிறப் புள்ளிகளைக் கலப்பது) இல்லாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு பிக்சலும் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

பிறகு லேயர் மெனுவில் ஸ்பிளிட், ஸ்பிளிட் லேயர். ஐந்து லேயர் வரும், பனியன் நிறத்தை அழித்துவிடுங்கள். கறுப்புக் கோட்டுக்கு அடியில் போகும் இளநிறங்களைத் தேர்வு செய்து, கிரோ செலக்ஷனில் 3 பிக்சல் விரித்து நிரப்புங்கள். 300 டிபிஐயில் அது கால் மிமீ. ஸ்கிரீன் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இடையில் துணி எட்டிப் பார்க்காது. கருநிறப் பனியன் என்றால் எல்லா நிறங்களையும் சேர்த்து ஒரு வெள்ளை பேஸ் லேயர் வேண்டும்; அதை மட்டும் 2 அல்லது 3 பிக்சல் உள்ளே சுருக்குங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளை விளிம்பு தெரியும். நிழலுக்குப் புள்ளி வேண்டுமென்றால் கிரிட்டாவிலேயே ஹாஃப்டோன் ஃபில்டர் உண்டு. ஆனால் எவ்வளவு நுண்ணிய புள்ளியை ஸ்கிரீனின் மெஷ் (வலை) தாங்கும் என்று பிரிண்டிங் மாஸ்டரைக் கேட்டபிறகு போடுங்கள்.

கடைசியாக ஒவ்வொரு லேயரையும் கறுப்பாக நிரப்பி, தனித்தனி பிஎன்ஜியாக எடுத்து இங்க்ஸ்கேப்புக்குக் கொண்டுபோங்கள். இம்போர்ட் ஜன்னலில் டிபிஐயைக் கோப்பிலிருந்து எடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் 96 டிபிஐயாக எடுத்துக்கொண்டு, 12 அங்குல டிசைன் 37.5 அங்குலமாக விரியும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி, எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவின் ரெண்டர், லேஅவுட் வழியே பிரிண்டிங் மார்க்ஸ் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு லேயரை மட்டும் காட்டி பிடிஎஃப் எடுங்கள். மார்க் எல்லா ஃபிலிமிலும் ஒரே இடத்தில் இருக்கும்.

துணி முழுக்க ஓடும் டிசைனுக்குக் கிரிட்டாவின் ராப்-அரவுண்ட் மோடு போல வசதி வேறெதிலும் இல்லை என்றே சொல்வோம். டபிள்யூ விசையைத் தட்டினால் கேன்வாஸ் நாலாபக்கமும் திரும்பத் திரும்ப விரியும். வலது ஓரத்தில் போட்ட கோடு இடது ஓரத்தில் நுழையும். பவானி ஜமக்காளம் மாதிரி பட்டையோ, பூக்கொத்தோ, ஒட்டு தெரியாமல் வரும். ரோட்டரி பிரிண்டுக்கென்றால் ரிப்பீட் அளவை முன்பே கேளுங்கள். ஸ்கிரீனின் சுற்றளவு பொதுவாக 64 செமீ. அதை மீதமின்றி வகுக்கும் அளவாக இருக்க வேண்டும். 32 செமீ எடுத்தால் 300 டிபிஐயில் 3780 பிக்சல்.

பிரஸ்ஸில் கொடுக்கும்போது

"ஏனுங் தம்பி, இதைய கோரல்ல போட்டுக் குடுத்தா ஆகாதுங்ளா?" என்று கேட்பார்கள். பிடிஎஃப்பைக் கோரல் திறக்கும் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்குமுன் இங்க்ஸ்கேப்பில் எல்லா எழுத்தையும் தேர்ந்து பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். திருத்துவதற்கான மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், வடிவமான எழுத்தைத் திரும்பத் தட்ட முடியாது.

நிறத்துக்கு, திரையின் நிறமுறையான ஆர்ஜிபியிலேயே வரைந்து முடியுங்கள். பிரஸ்ஸில் அவர்கள் ஐசிசி ப்ரொஃபைலை (அவர்கள் அச்சின் நிறக் குறிப்புக் கோப்பு) கேட்டு வாங்கிக் கிரிட்டாவில் போட்டு, கன்ட்ரோல் வொய் தட்டினால் அச்சில் எப்படி வரும் என்று காட்டும். பளிச்சென்ற பச்சையும் நீலமும் மங்குவதை அங்கேயே பார்த்துத் திருத்தலாம். முடித்தபிறகு நகலை மட்டும் அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி டிஃப்பாகக் கொடுங்கள். தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கேயில் வரைந்தால் சில பிளெண்டிங் முறைகள் எதிர்பாராத நிறம் தரும்.

கரண்ட் போனால்

கிரிட்டாவின் ஃபைல் ஹேண்ட்லிங் பக்கத்தில் ஆட்டோசேவை 5 நிமிடத்துக்கு வையுங்கள். கரண்ட் போய் வந்தபிறகு கிரிட்டா மீட்கவா என்று கேட்காவிட்டாலும் கோப்பு எங்கும் போயிருக்காது; படம் இருந்த ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயரில் ஒளிந்திருக்கும். ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல் எச் தட்டினால் தெரியும். ஒருமுறைகூடச் சேமிக்காத படமென்றால் ஹோம் ஃபோல்டரில் தேடுங்கள். வேலை ஒரு கட்டம் முடியும்போதெல்லாம் கன்ட்ரோல் ஆல்ட் எஸ் தட்டினால் புதிய எண்ணோடு தனிக் கோப்பாகச் சேமிக்கும்.

மிண்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. அது கணினி அமைப்பைத்தான் காப்பாற்றும், உங்கள் படங்களைத் தொடாது. படங்களுக்குத் தனி ஹார்ட் டிஸ்க், எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தது, விண்டோஸிலும் திறக்கும்.

விண்டோஸை நீக்குவது

அவசரம் வேண்டாம். ஒரு முழு ஆர்டரையாவது, வரைவதிலிருந்து ஃபிலிம் எடுப்பது வரை, விண்டோஸ் பக்கம் போகாமல் முடித்தபிறகு யோசியுங்கள். நீக்கும்போது மிண்ட் பென்டிரைவிலிருந்து கணினியைத் திறந்து ஜிபார்ட்டட் கருவியில் விண்டோஸின் பெரிய என்டிஎஃப்எஸ் பகுதியை மட்டும் அழித்து, அந்த இடத்தில் படங்களுக்கென்று ஓர் எக்ஸ்ட்4 பகுதி உருவாக்குங்கள். டிஸ்க்கின் தொடக்கத்தில் சில நூறு எம்பி அளவில் ஃபேட்32 என்று ஒரு சின்னப் பகுதி தெரியும். விண்டோஸ் உருவாக்கியதுதானே என்று அதையும் அழித்துவிடாதீர்கள். லினக்ஸ் எழுவதற்கான பூட் கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது.